மிளகுக்குப் பச்சைக்கறி

"காட்டுல எந்தப் பூனை ஆன்ட்டி அடுப்பு மூட்டுது?"

மகனின் நண்பன் ஒருவன் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபடி இப்படிக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டான். எங்கள் பூனைக்குச் சமைக்காத கறியைத்தான் போட வேண்டும் என்பதற்கு அவன் வைத்த வாதம் அது. அவனுக்கு விளையாட்டுப் பேச்சு. எனக்கோ வாரக்கணக்கில் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கேட்ட மாத்திரத்தில் சரியென்று படுகிறது. கொஞ்சம் யோசித்தால் எங்கோ இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்று மட்டும் சட்டென்று சொல்ல வரவில்லை. இந்த மாதிரி வாதங்கள்தான் பாத்திரம் கழுவும்போதும் எம்ஆர்டியில் நிற்கும்போதும் கூடவே வந்து தொல்லை கொடுப்பவை.

மிளகு எங்கள் வீட்டுப் பூனை. கறுப்பு என்று நினைத்து வாங்கி வந்தோம். வெயிலில் பார்த்தால் சாம்பல். ஜன்னலுக்கு வலை அடித்தது, அதன் உடம்பில் அடையாளச் சில்லு பதித்தது, உரிமம் எடுத்தது எல்லாம் 2024 செப்டம்பருக்குப் பிறகு சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வைத்திருக்கும் எல்லோரும் பட்ட பாடுதான், அதை விரிக்கப் போவதில்லை. அவனுக்கு என்ன சாப்பாடு போடுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. பாக்கெட்டில் வரும் பூனை பிஸ்கட்டே போதும் என்பது என் கட்சி. பச்சைக்கறிதான் போட வேண்டும் என்பது மகன் கட்சி. "நாம தின்னதுல மிஞ்சுனதைப் போடு, அது பாட்டுக்கு வளரும்" என்பது என் அம்மாவின் கட்சி.

மகன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனைக்குத் தாக உணர்வு குறைவு. பாலைவனத்தில் பிறந்த இனம் அது, இரையில் இருக்கும் நீரை வைத்தே காலம் தள்ளும் உடம்பு. பிஸ்கட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட ஈரம் தேறாது. கறியில் எழுபது பங்குக்கு மேல் தண்ணீர்தான். மிளகு தண்ணீர்க் கிண்ணத்தை எட்டிப் பார்ப்பதே அபூர்வம். சிறுநீர்ப் பையில் கல் வந்து ஆண் பூனைகள் படும் அவதியை ஒருமுறை பார்த்தவர்கள் இந்த விஷயத்தை அலட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் வீட்டில் சமைத்தோ சமைக்காமலோ ஈரமான சாப்பாடு போடலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. "இயற்கை" என்ற ஒரே காரணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மீன் தலையும் சோறும்

அம்மா வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். அங்கே வீட்டுக்கு வீடு பூனை இருந்ததாம். யாரும் காசு கொடுத்துச் சாப்பாடு வாங்கியதில்லை. "சோத்துல மீன் குழம்புத் தண்ணி, இல்லன்னா மீன் தலை. எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு? இப்ப என்னமோ பூனைக்குத் தராசு வாங்கி வச்சிருக்கீங்க."

அந்தப் பூனைகள் அம்மா போட்ட சோற்றில் வாழவில்லை என்பது என் எண்ணம். அம்மா போட்டது நொறுக்குத் தீனி. உண்மையான சாப்பாடு சாக்கடையோரத்திலும் கூரை இடுக்கிலும் ஓடிக்கொண்டிருந்தது: எலி, பல்லி, குருவிக் குஞ்சு. "ராத்திரி எங்க போகும் அதுங்க?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும், காலையில வாசல்ல எலி வால் கிடக்கும்" என்றார் அம்மா. அந்த வாலில்தான் விஷயம் இருக்கிறது. கண் மங்கிப்போன பூனையையும், மூன்று வயதில் எங்கோ புதரில் போய்ச் சுருண்டு செத்த பூனையையும் யாரும் கணக்கு வைக்கவில்லை என்பது வேறு கதை.

ஒரு முழு எலியைத் தின்னும் பூனை வெறும் கறியைத் தின்பதில்லை. எலும்பிலிருந்து கால்சியம், ஈரலிலிருந்து ஏ வைட்டமின், இதயத்திலிருந்தும் தசையிலிருந்தும் டாரின் என்ற அமினோ அமிலம், கழுத்தில் இருக்கும் தைராய்டிலிருந்து அயோடின், கூடவே ரத்தம், மூளை, குடல், முடி என்று எல்லாம் அளவோடு உள்ளே போகிறது. பூனையின் உடம்பும் இந்த ஏற்பாட்டை நம்பியே சோம்பேறியாகிவிட்டது. கேரட்டின் மஞ்சளை ஏ வைட்டமினாக மாற்ற அதற்குத் தெரியாது. நம்மைப் போல வெயிலில் நின்று டி வைட்டமின் தயாரிக்கவும் முடியாது. தாவர எண்ணெயிலிருந்து அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தைத் தேவையான அளவுக்கு உண்டாக்கிக்கொள்ளாது. டாரினையும் போதிய அளவு செய்துகொள்ளாது. இவையெல்லாம் இரையிலேயே தயாராக வந்துவிடும்போது எதற்காக மெனக்கெட வேண்டும்?

அப்படியானால், கடையில் வாங்கிய கோழி நெஞ்சுக்கறியைப் பச்சையாகத் தட்டில் வைப்பது எந்த விதத்தில் இயற்கை? காட்டில் எந்தப் பூனை கோழியை உரித்து, எலும்பெடுத்து, தோலை நீக்கி, நெஞ்சுப் பகுதியை மட்டும் தின்கிறது?

தேக்காவில்

சரி, செய்துதான் பார்ப்போமே என்று நானும் மகனும் தேக்கா ஈரச்சந்தைக்குப் போனோம். மகன் கைப்பேசியில் எழுதி வைத்திருந்த பட்டியல் பச்சைக்கறிக்காரர்களிடம் பிரபலமான பங்கீடு: நூறில் எண்பது பங்கு தசைக்கறி, பத்து எலும்பு, ஐந்து ஈரல், இன்னொரு ஐந்து சிறுநீரகம் போன்ற வேறு உறுப்பு. கோழிக் கடைக்காரரிடம் தொடைக்கறியும் இதயமும் கேட்டேன், ஈரல் மட்டும் ஐம்பது கிராம் போதும் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பூனைக்கா?"

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"மனுசனுக்கு வாங்குறவங்க ஈரலை அஞ்சு பத்து கிராம் கணக்குப் பாக்க மாட்டாங்க."

அந்தக் கணக்கு வீண் கஞ்சத்தனம் இல்லை. ஏ வைட்டமின் உடம்பில் தங்கிச் சேரும் சாதி. ஈரல் என்றால் பூனைக்குக் கொள்ளை ஆசை; நாமும் பாசத்தில் தினமும் போட்டுக்கொண்டே இருந்தால் மாதங்கள் போகப் போகக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, தலையைத் திருப்பித் தன் முதுகை நக்கக்கூட முடியாமல் போகும். ஈரலும் போட்டு, நல்லதுக்குத்தானே என்று காட் மீன் ஈரல் எண்ணெயும் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஒரே வைட்டமினை இரண்டு வாசல் வழியாக உள்ளே அனுப்புகிறார்கள்.

நெஞ்சுக்கறியை விட்டுத் தொடைக்கறிக்குப் போனதற்கும் காரணம் உண்டு. அதிகம் உழைக்கும், நிறம் அடர்ந்த தசையில்தான் டாரின் அதிகம். நெஞ்சுக்கறியோடு ஒப்பிட்டால் தொடையில் பல மடங்கு. ஓயாமல் துடிக்கும் இதயத்திலும் அப்படியே. மீன் வாங்கவில்லை. சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து போட்டால் அவற்றில் இருக்கும் தயமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். பூனை தலையை மார்புக்குள் தொங்கப்போட்டுக்கொண்டு தள்ளாடும். கொழுப்பு மீனையே தினமும் போட்டால் ஈ வைட்டமின் தீர்ந்துபோய் உடம்புக் கொழுப்பே வீங்கி வலிக்கும். பூனை என்றால் மீன் என்று நம் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. பாலும் அப்படித்தான், வளர்ந்த பூனைகளில் நிறையவற்றுக்கு அது வயிற்றுப்போக்குதான்.

மேசைமேல் வரிசையாக டப்பாக்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் நாளிதழை விரித்து, தராசை வைத்து, ஒரு கிலோவுக்குக் கணக்குப் போட உட்கார்ந்தோம். எலும்பை அரைக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. கழுத்தெலும்பை முழுதாகக் கொடுத்தால் மிளகு மெல்லாமல் விழுங்கிவிடுவானோ என்று எனக்குப் பயம். ஆக, எலும்புக்குப் பதில் முட்டை ஓடு.

நூறு கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் இருநூறு மில்லிகிராமை ஒட்டி இருக்கும், கால்சியம் பத்துப் பன்னிரண்டுதான். அதாவது ஒன்றுக்குப் பதினைந்து, இருபது. பூனைக்கு வேண்டியதோ இரண்டும் ஏறத்தாழச் சரிசமமாக, கால்சியம் ஒரு கை கூடுதலாக. வெறும் கறியை மட்டும் தின்னும் குட்டிப் பூனையின் உடம்பு, ரத்தத்தில் குறையும் கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவி ஈடுகட்டும். நாற்காலியிலிருந்து குதித்தாலே கால் முறியும். ஒரு கிலோ கறியின் பாஸ்பரஸ் இரண்டு கிராமுக்குப் பக்கம் என்றால், அதைச் சமன்செய்ய இரண்டு கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் வேண்டும். முட்டை ஓட்டில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கால்சியம். கணக்கு முடிந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு கிலோ கறிக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரே ஒரு முட்டையின் ஓடு. காலையில் ஆம்லெட்டுக்கு உடைத்துக் குப்பையில் போட்ட அதே ஓடு. அதைக் கழுவி, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தோம். நாக்கில் வைத்தால் நறநறக்காத அளவுக்கு மை போல இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூனை தொடாது.

அதற்குப் பிறகுதான் மற்றவை. டாரின் தூள். ஈ வைட்டமின் மாத்திரையின் எண்ணெய். பி வைட்டமின். அயோடின். துத்தநாகம். மீன் எண்ணெய். வாங்கி வந்த டப்பாக்களை மகன் வரிசையாக அடுக்கினான். கறி ஒரு ஓரத்தில், எதிரே வெள்ளையும் மஞ்சளுமாகத் தூள்கள். நான் எழுந்துபோய் அலமாரியிலிருந்து மிளகின் பழைய பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வந்து பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். டாரின், ஈ வைட்டமின், தயமின் (அதாவது பி1), துத்தநாகம், அயோடின். மேசையில் இருந்த டப்பாக்களும் பாக்கெட்டின் பட்டியலும் ஒன்றுக்கொன்று ஏறக்குறையப் பொருந்தின.

"இது எங்கடா தயாராகுது?" என்று டாரின் டப்பாவைக் காட்டிக் கேட்டேன். அவனே தேடிப் பார்த்துச் சொன்னான்: ரசாயன ஆலையில். மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ பிழிந்து எடுப்பதில்லை.

அவன் நண்பனின் கேள்வி எங்கே இடிக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அடுப்பு மூட்டுவதா இல்லையா என்பது கடைசிக் கேள்வி. எலியைக் கையால் செய்யப் பார்க்கிறோம் என்பதுதான் முதல் விஷயம். துண்டு துண்டாக வாங்கிய பொருள்களை வைத்து எட்டுப் பத்து எலிகளைத் தினமும் கட்டியெழுப்புகிறோம். எலியில் இருக்கிற, ஆனால் நம் பட்டியலில் விட்டுப்போனதைத் தூளாகக் கொட்டுகிறோம். பாக்கெட் கம்பெனியும் அதையே செய்கிறது, பெரிய அளவில், சோதனைக்கூடத்தோடு. எங்கள் மேசையில் இயற்கை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கணக்கு மட்டும் இருந்தது.

கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு பிறக்கும்போதே தெரிந்திருந்ததாக நினைக்க வேண்டாம். டாரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை அழியும் என்பதே 1975இல்தான் நிரூபணமானது. அதன் பிறகும், கடையில் முழுமையான உணவு என்று விற்றதையே தின்ற பூனைகள் இதயம் வீங்கிச் செத்துக்கொண்டிருந்தன. 1987இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியன் என்ற விலங்கு மருத்துவரும் சகாக்களும் அதற்கும் டாரின் குறைவே காரணம் என்று காட்டினார்கள், கொடுத்தால் இதயம் தேறுகிறது என்றும் காட்டினார்கள். அதன் பிறகே கம்பெனிகள் டாரினைக் கூட்டின. பச்சைக்கறிக்காரர்கள் வேதம்போல் மேற்கோள் காட்டும், பாட்டெஞ்சர் என்ற அமெரிக்க மருத்துவரின் ஆய்வையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். 1930களில் அவர் சமைத்த கறி கொடுத்த பூனைகள் தலைமுறைக்குத் தலைமுறை நொடித்தன, பச்சைக்கறி தின்றவை செழித்தன. பூனைக்கு டாரின் கட்டாயம் என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. வேகும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டினால் டாரினையும் சேர்த்துக் கொட்டுகிறோம். சமைத்ததால் கெட்டதைவிடக் கணக்குத் தெரியாததால் கெட்டது அதிகம் என்று இன்று வாசிக்கத் தோன்றுகிறது.

அப்படியானால் பச்சையாக ஏன்?

இதற்குப் பிறகு பச்சை என்பது தனியாக நின்றது. சத்துக் கணக்கைச் சமைத்தும் சரிக்கட்டலாம், சமைக்காமலும் சரிக்கட்டலாம் என்றால், பச்சையாகவே கொடுக்க மிஞ்சும் காரணம் என்ன? மகன் பல், ரோமம், மலத்தின் வாடை என்று சில சொன்னான். ஈரமான சாப்பாட்டாலும் நல்ல புரதத்தாலும் வரும் பலன்களில் எவ்வளவு பச்சைக்கே உரியது என்று பிரித்துச் சொல்ல அவனாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

எதிர்ப்பக்கம் கனமாக இருந்தது. நாம் வாங்கும் கோழி, சமைத்துச் சாப்பிடுவார்கள் என்ற எண்ணத்தில் விற்கப்படுவது. சால்மொனெல்லா என்ற பாக்டீரியா அதில் இருந்தால் பூனையின் வயிறு ஒருவேளை தாங்கும். அது நக்கிய தட்டைக் கழுவும் கைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஃப்ரீசரில் வைத்தால் போதும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நன்கு உறையவைத்தால் டோக்சோபிளாஸ்மா போன்ற ஒட்டுண்ணிகள் சாகும் என்பது சரி. பாக்டீரியா தூங்கும், அவ்வளவுதான். வெளியே எடுத்தால் விழித்துக்கொள்ளும். எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமியும் குளிருக்கு அசைவதில்லை. 2023இல் சோல் நகரத்துக் காப்பகப் பூனைகள், 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரிகனில் உறையவைத்த பச்சை வான்கோழி உணவு தின்ற ஒரு வீட்டுப் பூனை என்று எச்5என்1 சாவுகள் பதிவாகியிருக்கின்றன.

எங்கள் வீட்டில் அம்மா முடக்குவாதத்துக்காக நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மிளகு தூங்குவது அவர் காலடியில், சில நாள் தலையணையில். அம்மாவுக்கு எச்5என்1 பற்றியெல்லாம் சொல்லவில்லை. 2015இல் பச்சை மீன் போட்ட கஞ்சியால் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா பரவி, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களே மருத்துவமனையில் கிடந்ததும், அந்த ஆண்டு இறுதியில் நன்னீர் மீனைச் சமைக்காமலே உண்ணும் பதார்த்தமாக விற்கத் தடை வந்ததும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மனுசனுக்கே வேணாம்னு நிறுத்துனதைப் பூனைக்கு வச்சு நாம கழுவணுமா?" என்று கேட்டார். மீன் வேறு, கோழி வேறு, கிருமியும் வேறு என்று மகன் விளக்க ஆரம்பித்தான். விளக்கம் சரி. ஆனால் அம்மா கேட்டதும் சரி.

தடுப்பூசிக்குப் போனபோது விலங்கு மருத்துவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். "கால்சியம் எதுலேர்ந்து வருது?" என்று மட்டும் கேட்டார். முட்டை ஓடு, இத்தனை கிராம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து முழுச் செய்முறையையும் வாங்கிப் படித்தார். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதிலே இருக்காதாம். டேவிஸ் வளாகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றையும் சொன்னார். புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 114 பூனை உணவுச் செய்முறைகளை எடுத்துப் பார்த்தார்களாம். முழுக் கணக்குப் போடும் அளவுக்கு விவரம் இருந்தவை 94. அந்த 94இல் ஒன்றுகூட எல்லாச் சத்தும் தேவையான அளவில் கொண்டதாக இல்லை. சில செய்முறைகளில் பூண்டு வேறு இருந்ததாம். விலங்கு ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார். காட்டினோம். எங்கள் அளவுகளில் அவர் இரண்டை மாற்றினார். உங்கள் பூனையின் வயதும் சிறுநீரகமும் வேறு என்பதால் எங்கள் பட்டியலை இங்கே தருவதாக இல்லை, கேட்காதீர்கள்.

இப்போது செய்வது இதுதான். தொடைக்கறியையும் இதயத்தையும் சிறு துண்டாக்கி, கொஞ்சமே தண்ணீரில், உள்ளே சிவப்பு மறையும்வரை மட்டும் வேகவைக்கிறோம். வெந்த தண்ணீரைச் சொட்டு விடாமல் திரும்பச் சேர்க்கிறோம். எலும்பு கிடையாது, வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து தொண்டையைக் கிழிக்கும். ஆறிய பிறகுதான் முட்டை ஓட்டுத் தூளும் வைட்டமின்களும், ஏனென்றால் தயமின் சூட்டைத் தாங்காது. தராசில் நிறுத்து, ஒரு நாளைக்கான டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசருக்குள். பழைய பிஸ்கட்டிலிருந்து புதியதுக்கு மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம். பசித்தால் தின்னும் என்று பட்டினி போடும் வைத்தியம் பூனையிடம் பலிக்காது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே உலை வைத்துவிடும்.

அம்மாவுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. கறி வேகும் வாசனை வந்ததும் சமையலறைக்கு வந்து எட்டிப் பார்ப்பார். "ஒரு பல்லு பூண்டு? ரெண்டு சின்ன வெங்காயம்? ஒண்ணுமே போடாம எப்படித்தான் தின்னுதோ." வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்று எத்தனை முறை சொன்னாலும், பாவம் என்ற பார்வை மாறாது. அந்தப் பாத்திரத்துக்கென்று தனிக் கரண்டியே வைத்திருக்கிறோம், நம் குழம்புக் கரண்டி தவறிக்கூட அதில் போகக் கூடாது என்று.

மகன் அடுத்த ஆசையை ஆரம்பித்துவிட்டான். மிளகுக்குத் துணைக்கு இன்னொன்று வேண்டுமாம். "வீவக வீட்டுல ரெண்டு பூனை வரைக்கும் வச்சிக்கலாம்னு அரசாங்கமே சொல்லுதேம்மா."

"அரசாங்கமே வந்து ஈரலை நிறுத்துக் குடுக்குமான்னு கேளு" என்றார் அம்மா உள்ளறையிலிருந்து.